நீ யாரு வூட்டுப் பொண்ணு?

அந்த அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வேறு எதுவும் கிடையாது. தலைக்கு மேலே மின்விசிறி 'டக் டக்' என்று சத்தம் மட்டும் போட்டது, காற்று வரவில்லை. ஃபினாயில் வாசனை மூக்கை அடைத்தது.

எதிர் நாற்காலியில் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் கொடுத்த, வெளுத்துப்போன பச்சை உடுப்பு. குனிந்த தலை. சுண்டுவிரல் நகத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் உள்ளே வந்ததையே கவனித்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் தேர்வுக் குழுவினர் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் தெரிவோம், எங்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். மேசைக்கடியில் மைக். அந்த அம்மாளிடம் நான் அரை மணி நேரம் பேச வேண்டும், நான் பேசுகிற அழகுக்கு அவர்கள் மதிப்பெண் போடுவார்கள். மருத்துவ உளவியல் மேற்படிப்பில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பது அந்த அரை மணி நேரத்திலும், மறுநாள் நேர்முகத் தேர்விலும் இருந்தது.

"வணக்கம்க்கா. என் பேரு கௌதமி. டீ குடிச்சீங்களா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. பிறகு நகத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"நீ யாரு வூட்டுப் பொண்ணு?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அதற்கு என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். இத்தனை வருடம் ஆகியும் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

தகுதியாம் தகுதி!

இந்தத் தொடரைப் படிக்கும் ஓசூர் வாசகர் ஒருவர், தன் மகளுக்கு மனநலத் துறையில் ஆசை இருக்கிறது, மேற்படிப்பில் சேர என்னென்ன தகுதி வேண்டும் என்று கேட்டிருந்தார். இன்றைய விதிகளை அவர் விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான் நல்லது. தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில் நான் பட்ட கதையை வேண்டுமானால் சொல்லலாம். பெயர் வேண்டாம். அந்த மருத்துவமனையும் இப்போது இல்லை.

அப்போது நான் ஒரு சிறப்புப் பள்ளியில் ஆசிரியை. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பேன். எந்தப் பிள்ளைக்கு எப்போது கோபம் வரும், எந்தப் பிள்ளை எந்தப் பாட்டுக்கு அடங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் பிள்ளைகளைச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டி பீரோவில் பூட்டியிருக்கும். மாதம் ஒருமுறை ஒரு சைக்காலஜிஸ்ட் வந்து திறப்பார், சோதிப்பார், பூட்டிவிட்டுப் போவார். அந்தப் பெட்டியைத் தொட வேண்டுமென்றால் இரண்டு வருட மேற்படிப்பு வேண்டும். அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

முதல் விதி, எம்.ஏ. உளவியலில் ஐம்பத்தைந்து சதவீதம். நான் மயிரிழையில் தாண்டியிருந்தேன். "ஐம்பத்து நாலு வாங்கினவனுக்கு மனுஷன் மனசு புரியாதாமா?" என்று அப்பா கேட்டார். அலுவலகத்தில் இதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தேன். "ரூல்ஸ் மேடம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் குமாஸ்தா.

இரண்டாவது விதி, கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டமாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஸ்டெல்லா தபால் வழியில் எம்.ஏ. முடித்தவள். என்னைவிட அதிக மதிப்பெண். கணவனை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சமையல் அடுப்புப் பக்கத்தில் புத்தகத்தை விரித்துப் படித்தவள். அவளுக்கு விண்ணப்பம்கூடக் கொடுக்கவில்லை. பகலில் சும்மா இருந்து படிக்கிற வசதி உள்ளவர்களுக்குத்தான் மனசைப் பற்றிய அறிவு வரும் போலிருக்கிறது!

மூன்றாவதுதான் வேடிக்கை. உடலும் மனமும் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அரசு மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வரிசையில் நின்று போனால், டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஜுரம் கிரம் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். மன ஆரோக்கியம் நன்று என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். மனதை அளக்கும் படிப்புக்கு என் மனதை அளந்த அழகு அது.

இத்தனையையும் தாண்டி எழுத்துத் தேர்வையும் எழுதி முடித்த பிறகுதான் அந்தக் கண்ணாடி அறைக்கு வந்தேன். வீட்டில் எல்லோருக்கும் அந்த சீட்டின் மேல்தான் கண். வெளியூரில் தங்கிப் படிக்க வைக்க அப்பாவால் ஆகாது. அம்மாவோ, வேலை பார்க்கும் பள்ளியில் எல்லா டீச்சரிடமும் 'என் பொண்ணு டாக்டருக்குச் சமமா வரப்போறா' என்று சொல்லிவிட்டிருந்தார்.

பதில் சொன்னேன்

அந்த அம்மாளை மல்லிகா அக்கா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. பொம்மனஹள்ளியில் குடியிருந்தவர். மாதக்கணக்கில் யாரோடும் சரியாகப் பேசாமல், சாப்பிடாமல் கிடந்து, மூன்று நாள் முன்புதான் வார்டில் சேர்த்திருந்தார்கள். 'ஒத்துழைப்பதில்லை' என்று எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தது. எனக்கு முன்னால் போன மூன்று பேருக்கும் அவர் வாயே திறக்கவில்லையாம்.

"ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம்க்கா. பின்னாடி ரயில்வே லைன் ஓரமா வீடுங்க இருக்குல்ல, அங்க."

"அப்பா இன்னா பண்றாரு?"

"பொம்மசந்திராவுல பாய்லர் ஆப்பரேட்டர்க்கா."

அப்போதுதான் அவர் முதல்முறையாக நிமிர்ந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"பொம்மசந்திராவா? நானும் அங்கதான். பாட்டிலு மூடி பண்ற கம்பெனி. அவ்ளோ தூரத்துலேர்ந்து பஸ்ட் ஷிப்டுக்கு எப்படிமா வராரு?"

"விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சி கம்பெனி பஸ் புடிப்பாருக்கா."

"அய்யோ பாவம். அம்மா?"

"ஸ்கூல்ல ஆயா."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி."

"உனக்குக் கண்ணாலம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா."

இந்த இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். அக்கா திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"உள்ள யாரு இருமறது?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பெரிய டாக்டருங்கக்கா. நான் எப்படிப் பேசறேன்னு பாக்கறாங்க. எனக்கு இது பரீட்சை."

"என்னை வெச்சி உனக்குப் பரீட்சையா?"

"ஆமாக்கா."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். "சரி, கேளு. இன்னா கேக்கணுமோ கேளு" என்று நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் தெரு வழக்கம்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வரிசை வீடுகளில் தண்ணீர்க் குழாய் பொது. அந்தக் குழாயடிக்குப் புதிதாக ஒரு பெண் குடத்தோடு வந்தால், முதலில் ஊர், அப்பன் பெயர், புருஷன் வேலை, பிள்ளைகள் எத்தனை என்று விசாரணை நடக்கும். அவளும் பதிலுக்கு நம்மை விசாரிப்பாள். இரண்டு பக்கமும் விவரம் தெரிந்த பிறகுதான் 'என் வீட்டுக்காரர் நேத்து அடிச்சிட்டாருக்கா' என்ற பேச்சு வரும். முன்னதைத் தாண்டாமல் பின்னது வராது. முன்பின் தெரியாத ஆளிடம் யார் தன் கஷ்டத்தைக் கொட்டுவார்கள்? நான் கொட்டுவேனா, நீங்கள் கொட்டுவீர்களா?

வம்புக்குக் கேட்கிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேசுகிற தோரணையிலேயே எது வம்பு, எது பிரியம் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

இன்று இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம்மிடம் அழ வந்தவரிடம் நம் அழுகையைச் சொல்லக்கூடாது. அந்த எல்லை தேவைதான். ஆனால் 'நீ யாரு வூட்டுப் பொண்ணு' என்று கேட்டவருக்கு, இன்னார் வீட்டுப் பெண் என்று சொல்வது அந்த எல்லையைத் தாண்டுவது ஆகாது. அது வாசற்கதவைத் திறப்பது மட்டும்தான். வேறு தேசத்தில், வேறு மனிதர்களுக்காக எழுதிய விதியைக் கொண்டுவந்து பொம்மனஹள்ளி தொழிலாளியின் தலையில் வைத்துவிட்டு, அவர் பேசவில்லை என்றதும் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

மாத்திரை

"எனக்கும் பஸ்ட் ஷிப்டுதாம்மா" என்று அக்காவே ஆரம்பித்தார். "ராத்திரி அந்த மாத்திரையப் போட்டா காலைல கண்ணே தொறக்கல. மிஷின் முன்னாடி தூங்கி வழிஞ்சா கை போயிடும். சூபர்வைசர் வேற பேஜார் பண்றான். அதான் நிறுத்திட்டேன்."

"எப்போலேர்ந்துக்கா?"

"தீபாளிக்கு முன்னாடியே."

அப்போது பொங்கலும் போய்விட்டிருந்தது. "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொல்றது? டாக்டரு என்னைக் கேக்கவே மாட்டாரு. பக்கத்துல நிக்கிற எங்க வூட்டுக்காரரைக் கேப்பாரு. தெனமும் கரெக்டா போடறா சார்னு அவரு சொல்லுவாரு. அவருக்கு இன்னா தெரியும்? அப்புறம் நான் இல்லன்னு சொன்னா அவரு மானம் போவாதா?" நகத்தை மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். "மருந்து கேக்கலன்னு மாத்திரைய ஜாஸ்தி பண்ணாங்க. அதுவும் கேக்கலயாம். அடுத்த வாரம் கரண்ட் வெக்கப் போறாங்களாம். பயமா கீதும்மா."

மின் அதிர்ச்சி சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. தேவைப்பட்டவர்கள் அதனால் எழுந்து நடமாடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இவருக்கு மருந்து தோற்கவில்லையே, மருந்து வயிற்றுக்குள்ளேயே போகவில்லையே! இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"நான் சொல்றேன்க்கா" என்றேன். மணி அடித்தது. அக்காவை அழைத்துப்போக ஆள் வந்துவிட்டார்.

வசந்தா மேடம் சொன்ன பாடம்

அறையை விட்டு வந்தபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். யாருக்கும் வாய் திறக்காதவர் என்னிடம் இவ்வளவு பேசியிருக்கிறார். சீட்டு கிடைத்தமாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு, வராந்தாவில் இருந்த பானைத் தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்தேன்.

தேர்வுக் குழுவில் இருந்த வசந்தா மேடம் வெளியே வந்தார். அங்கே விரிவுரையாளர், சென்னைக்காரர். என்மேல் இரக்கம் உள்ளவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பாருங்க கௌதமி, உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, அதான் சொல்றேன். ரிட்டன்ல நீங்கதான் ஃபர்ஸ்ட். ஆனா இன்னிக்கி சொதப்பிட்டீங்க. பேஷண்ட்தான் உங்களை இன்டர்வியூ பண்ணாங்க. உள்ள ஒரே சிரிப்பு."

"அவங்க பேசினாங்களே மேடம்?"

"பேசினது இருக்கட்டும். நீங்க என்ன பண்ணீங்க? அக்கான்னு கூப்பிட்டீங்க. அப்பா, அம்மா, தம்பி, கல்யாணம் வரைக்கும் ஒப்பிச்சீங்க. கண்ணாடிக்குப் பின்னாடி யாருன்னு வேற சொல்லிட்டீங்க. பர்சனல் கேள்வி கேட்டா பதில் சொல்லவே கூடாது. 'அது உங்களுக்கு ஏன் முக்கியமா படுது?'ன்னு கேள்வியைத் திருப்பிக் குடுக்கணும். டெக்ஸ்ட்புக்ல இருக்கு, படிச்சிருப்பீங்களே?"

படித்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அம்மா வயதுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பெண்மணி 'நீ யாரு வூட்டுப் பொண்ணு' என்று கேட்கும்போது, 'அது உங்களுக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது' என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. எங்கள் தெருவில் அப்படிக் கேட்டால் அதற்குத் திமிர் என்று பெயர்.

"சரி மேடம். மார்க் போனா போகட்டும். அவங்க மாத்திரையே போடலன்னு வார்டுல சொல்லிடுங்க. அடுத்த வாரம் கரண்ட் வைக்கப் போறாங்களாம்."

மேடம் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அது முடியாதும்மா. எக்ஸாம் ரூம்ல பேஷண்ட் சொன்னது எக்ஸாம் ரூமோட சரி. ட்ரீட்மெண்ட் டீமுக்குப் போகக் கூடாது. கமிட்டி ஹெட் சாரோட ரூல். நீங்க செலக்ட் ஆயிட்டா, ட்ரெய்னியா வார்டுக்குப் போய் நீங்களே முறையா கேட்டு எழுதலாம்."

நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறார்களாம்! பரீட்சைக்கு அவரை உட்கார வைக்கும்போது அந்த ரகசியம் எங்கே போயிருந்தது? அவரைக் கேட்காமல் நான்கு பேர் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம், ஆனால் கேட்டதை அவருக்கு உதவியாகச் சொல்லக்கூடாது. இதை விதி என்று சொல்ல ஒரு மனிதருக்கு எப்படி வாய் வந்தது?

அதோடு சீட்டுக்கு நான் ஆசைப்பட்ட காரணமும் மாறிப்போனது. இனி அது டெஸ்ட் பெட்டிக்காக மட்டும் இல்லை. அக்காவிடம் 'நான் சொல்றேன்' என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அதே கேள்விகள்

மறுநாள் நேர்முகத் தேர்வு. அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பெரிய மேசை, பிஸ்கட் தட்டு, காபி மணம். நடுவில் குழுத் தலைவர். கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் தருகிறேன்.

ஃபிராய்டைப் பற்றிக் கேட்பார்கள், புத்திக்கூர்மைச் சோதனையைப் பற்றிக் கேட்பார்கள் என்று விடிய விடியப் படித்துக்கொண்டு போயிருந்தேன். தலைவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"ரிச்சர்ட்ஸ் டவுனா? அங்கே கிறிஸ்டியன்கள்தானே அதிகம்? கிறிஸ்டியனா நீங்க?"

"இல்ல சார். பௌத்தம்."

"ஓ! எப்போ மாறினீங்க?"

"நான் மாறல சார். எங்க தாத்தாவுக்கு முன்னாடியே நாங்க பௌத்தம்தான்."

"சரி, அதுக்கு முன்னாடி என்னவா இருந்தீங்க?"

எதைக் கேட்கிறார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது சார்" என்றேன். தெரியும். சொல்லவில்லை.

"அப்பா என்ன செய்கிறார்?"

"பாய்லர் ஆப்பரேட்டர்."

"அம்மா?"

"ஸ்கூல்ல ஆயா."

"கூடப் பிறந்தவர்கள்?"

எனக்குக் காதுமடல் சூடாக ஆரம்பித்தது. நேற்று அக்கா கேட்ட அதே கேள்விகள்! அதே வரிசை! நேற்று அவர் கேட்டது எனக்குப் பக்கத்தில் இடம் போடுவதற்கு. இவர் கேட்பது என்னை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று பார்ப்பதற்கு. நேற்று நான் பதில் சொன்னது தப்பு, இன்று சொல்லாவிட்டால் தப்பு. இதில் எது உளவியல், எனக்குப் புரியவில்லை.

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "இது இரண்டு வருட கடுமையான பயிற்சி. போன தடவை ஒரு பெண் பாதியில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டார். ஒரு சீட் வீண். உங்களுக்குக் கல்யாணம் எப்போது?"

எனக்கு முன்னால் வந்த பையனிடம் இதைக் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் அவனே சொன்னான், அவனிடம் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டார்களாம்.

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். முந்தின நாள் வராந்தாவில் கற்றுக்கொண்ட பாடத்தை, கற்றுக்கொடுத்த வார்த்தைகளிலேயே, மிகவும் பணிவாகச் சொன்னேன்.

"சார், அது உங்களுக்கு ஏன் முக்கியமா படுது?"

வசந்தா மேடம் குனிந்து மேசை விரிப்பில் இல்லாத தூசியைத் தட்டினார். தலைவரின் முகம் கழுத்திலிருந்து மேலே மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் கடைசியில். வழக்கமாகக் கேட்டு முடிப்பது அது.

"ஆமா சார். நேத்து நான் பேசின பேஷண்ட் மூணு மாசமா மாத்திரை சாப்பிடல. வார்டுல யாருக்கும் தெரியல. யாராவது..."

"அது இந்தத் தேர்வுக்குச் சம்பந்தமில்லாதது" என்றார். "நீங்கள் போகலாம்."

பலகையில் இல்லாத பெயர்

சாயங்காலமே பட்டியலை ஒட்டிவிட்டார்கள். கிரிக்கெட் பையன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலிலும் இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடினேன். அம்மாவை நினைத்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர்களின் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்?

வசந்தா மேடம் பக்கத்தில் வந்து நின்றார். "பேஷண்ட்கிட்ட ரொம்பச் சொல்லிட்டீங்க, கமிட்டிகிட்ட ஒண்ணுமே சொல்லல. ரெண்டுலயும் மார்க் போச்சு கௌதமி. அடுத்த வருஷம் வாங்க" என்றார். தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் நான் அங்கே போகவில்லை. பின்னாளில், நாலு காசு சேர்த்துக்கொண்டு, வேறு மாநிலத்தில் போய் அதே படிப்பைப் படித்தேன். அங்கேயும் ஒரு கண்ணாடி இருந்தது. அந்தக் கதையை இதோடு சேர்க்க வேண்டாம்.

அன்றைக்கு அழுதுகொண்டே வெளிவாசல் வரை நடந்துவிட்டேன். அப்போது பார்வையாளர் நேரத்துக்கான மணி அடித்தது. தூக்குவாளியோடும் ஃபிளாஸ்க்கோடும் சனங்கள் உள்ளே போனார்கள். நானும் அவர்களோடு திரும்பி நடந்தேன்.

பெண்கள் வார்டின் கம்பிக் கதவுக்குப் பின்னால் நர்ஸ் நின்றிருந்தார். பட்டுப் புடவையையும் கையில் இருந்த ஃபைலையும் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு நீங்க? ட்ரெய்னியா?"

"இல்ல. மல்லிகா அக்காவைப் பாக்கணும்."

"ஸ்டாஃபா, ரிலேட்டிவா? ரெண்டும் இல்லன்னா உள்ள விட மாட்டோம். மல்லிகாவுக்கு நீங்க என்ன ஆகணும்?"

"தங்கச்சி" என்றேன். யோசிக்கவே இல்லை.

நர்ஸ் நம்பவில்லை. "அவங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமைதான் வருவார், வேற யாரும் கிடையாதுன்னு சொன்னாரே. சொந்தத் தங்கச்சியா?"

மூன்றாவது கட்டிலிலிருந்து குரல் வந்தது. சேர்த்த நாளிலிருந்து வார்டில் யாரும் கேட்காத குரல்.

"எங்க சின்னம்மா பொண்ணு சிஸ்டர். ரிச்சர்ட்ஸ் டவுனாண்ட, ரயில்வே லைன் ஓரமா வூடு. சித்தப்பா பொம்மசந்திராவுல பாய்லர்ல கீறாரு, பஸ்ட் ஷிப்டு. சின்னம்மா ஸ்கூல்ல ஆயா. ஒரு தம்பி கீறான். இதுக்கு இன்னும் கண்ணாலம் ஆவல."

நர்ஸ் வாயைப் பிளந்தபடி அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டு, டூட்டி டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

டாக்டர் சின்னப் பையன்தான். தூக்கம் போதாத கண்கள். அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, ஷிப்ட் நேரத்தையும் மாத்திரையையும் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவையே கேட்டார். அக்கா தலையாட்டினார், விட்ட இடங்களைச் சொன்னார். "அப்ப கரண்ட் இப்போ வேணாம். மாத்திரையை நேரம் மாத்தி, குறைச்சலா குடுத்துப் பாப்போம். பெரிய டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்று எழுந்தார்.

அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தார்.

"பரீட்சை இன்னாச்சு? சீட்டு குடுத்தாங்களா?"

"இல்லக்கா."

"ஏன்?"

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதால்தான் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"மார்க்கு பத்தலக்கா" என்றேன்.

அக்கா உள்ளங்கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, வீட்டுப் பெண்ணைக் கண்டிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"அடுத்த வாட்டியாச்சும் ஒழுங்கா படி."